ஒரு கவர் ஒட்டிப் பாருங்க, அப்புறம் பேரம் பேசலாம்



நீங்க உட்கார்ந்திருக்கிற ரூமை ஒரு சுத்து பாருங்க. போன செமஸ்டர் ரெக்கார்டு நோட்டு ஒண்ணு கிடக்கும், பாதிப் பக்கம் இன்னும் வெள்ளையா இருக்கும். கட்டிலுக்கு அடியில பழைய நியூஸ் பேப்பர் இருக்கும். சிம்போசியத்துக்குக் கொடுத்த டி-ஷர்ட், ரெண்டு தடவை துவைச்சதும் தொளதொளன்னு ஆகி, இப்போ வண்டி துடைக்கிற துணியா மாறியிருக்கும்.

இந்த மூணும் போதும். கூட கொஞ்சம் மைதா, ஒரு கைப்பிடி வெந்தயம், ஊசி நூல். இதை வச்சு ஒரு பேப்பர் கவர், ஒரு காகிதக் கூழ் கிண்ணம், ஒரு துணிப்பை செய்றது எப்படின்னு சொல்லப் போறேன்.

"கிராஃப்ட் ஒர்க்கா? அதெல்லாம் அஞ்சாங் கிளாஸோட முடிஞ்சு போச்சே!"ன்னு நினைக்கிறீங்களா? எங்க வீட்ல அது முடியவே இல்ல. எங்க வீட்ல கைவேலைங்கிறது பொழுதுபோக்கு இல்லை, மாச பட்ஜெட்ல ஒரு வரி. அதனால அழகு பத்தி கொஞ்சமாவும், வேலை பத்தி கொஞ்சம் அதிகமாவும் பேசுறேன். பொறுத்துக்கோங்க.

பசையும் பேப்பரும் இருந்த வீடு

எங்க ஊர் சிவகாசி பக்கம். அங்க காகிதத்துக்குப் பஞ்சமே கிடையாது. காலண்டர், நோட்டு, லேபிள்னு அச்சடிச்சு வெட்டின மிச்சம் மூட்டை மூட்டையா எடைக்குக் கிடைக்கும். எங்க அம்மாச்சி காலத்துல வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவாங்க. எங்க தெருவுல பல வீட்ல அதுதான் வேலை. தீப்பெட்டி இல்லாத நாள்ல கடைகளுக்குப் பேப்பர் கவர் ஒட்டுவாங்க. அப்புறம் பிளாஸ்டிக் கவர் வந்துச்சு, பேப்பர் கவரை யாரும் கேக்கல. அம்மாச்சியோட பசைச்சட்டி பரணுக்குப் போயிருச்சு.

2019 ஜனவரி 1 அன்னைக்கு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் அப்போ எட்டாவது. அந்த வாரமே எங்க தெரு முனை இரும்புக்கடை அண்ணாச்சி அம்மாகிட்ட வந்து, "உங்க அம்மா முந்தி கவர் ஒட்டுவாங்களே தங்கச்சி, உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டார். ஆணி, ஸ்குரூ, வாஷர் போட்டுக் கொடுக்க அவருக்குக் கவர் வேணும். பரண்ல இருந்து பசைச்சட்டி இறங்குச்சு.

முதல் பொருள்: பேப்பர் கவர்

முதல்ல பசை. ரெண்டு ஸ்பூன் மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணியில கட்டியில்லாமக் கரைச்சு, சின்னத் தீயில கிளறிக்கிட்டே இருங்க. பால் மாதிரி இருந்தது திடீர்னு கெட்டியாகி, கொஞ்சம் கண்ணாடி மாதிரி ஆகும். மாவுல இருக்கிற ஸ்டார்ச் துகள், தண்ணி சுமார் 60 டிகிரியைத் தாண்டும்போது தண்ணியை உறிஞ்சி உப்பி வெடிக்குது. அதுதான் பசை. பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் சேர்க்கிற வழக்கம் உண்டு, ஆனா அது விஷம். வீட்ல செய்றப்போ வேண்டாம். அன்னன்னைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சினாப் போதும்.

இப்போ ஒரு ஏ4 தாளைப் படுக்கை வசமா வைங்க. இடது ஓரம், வலது ஓரம் ரெண்டையும் நடுவுக்குக் கொண்டு வந்து, ஒண்ணு மேல ஒண்ணு ஒன்றரை செ.மீ. ஏறுற மாதிரி ஒட்டுங்க. இப்போ கையில இருக்கிறது சப்பையான ஒரு குழாய். அடிப்பக்கத்தை 2 செ.மீ. மடிச்சு ஒட்டுங்க. அதை இன்னொரு தடவை 2 செ.மீ. மடிச்சு ஒட்டுங்க. 14 செ.மீ. அகலம், 17 செ.மீ. உயரத்துல கவர் ரெடி.

அந்த ரெண்டாவது மடிப்பு முக்கியம். ஆணி போட்டா ஒத்தை மடிப்புக் கவர் அடியில பிச்சுக்கும். ஒரு தடவை அண்ணாச்சி, "மெஷின்ல ஒட்டின கவர் இதைவிட விலை கம்மியா வருதே தங்கச்சி"ன்னார். அம்மா வாதாடவே இல்ல. "ஒரு வாரம் அதை வாங்கிப் பாருங்க அண்ணாச்சி"ன்னு மட்டும் சொன்னாங்க. நாலாவது நாள் அவரே வந்தார். கடை வாசல்ல சிதறின ஆணியைக் கஸ்டமர் கூடக் குனிஞ்சு பொறுக்கியிருக்கார் போல. விலையைப் பத்தி அதுக்கப்புறம் பேச்சு இல்ல.

நியூஸ் பேப்பர்ல கவர் செஞ்சா அதுல பஜ்ஜி, வடை, முறுக்குன்னு திங்கிற பொருள் எதுவும் போடாதீங்க. அச்சு மை உணவுல ஒட்டும். சாப்பாட்டை நியூஸ் பேப்பர்ல சுத்த வேண்டாம்னு எஃப்எஸ்எஸ்ஏஐ 2016லேயே அறிவுறுத்தியிருக்கு. அதுக்கு அச்சில்லாத பழுப்புத் தாள் எடுத்துக்கோங்க.

ஒரு சின்ன சோதனை செஞ்சு பாருங்க. நியூஸ் பேப்பரை மேல இருந்து கீழ கிழிங்க, ஸ்கேல் வச்ச மாதிரி நேரா வரும். அதையே இடமிருந்து வலம் கிழிங்க, கோணல் மாணலாப் போகும். காகித மெஷின்ல கூழ் ஓடுற திசையிலேயே நார் எல்லாம் பெரும்பாலும் படுத்துக்குது, அதான் காரணம். கெட்டித் தாள்ல வாழ்த்து அட்டை செய்றவங்க கவனிங்க. நார் ஓடுற திசையில மடிச்சா மடிப்பு சுத்தமா விழும், குறுக்கே மடிச்சா வெடிக்கும். அந்த நார் மரத்துலருந்துதான் வரணும்னு இல்ல. கரூர் பக்கம் காகிதபுரத்துல இருக்கிற டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையில காகிதம் செய்யுது. உங்க நோட்டு ஒரு காலத்துல யாரோ ஒருத்தர் வயல்ல கரும்பா நின்னிருக்கலாம்.

வீடே ஒரு அசெம்பிளி லைன்

2020 மார்ச்சுல ஊரடங்கு. எங்க அப்பா ஸ்கூல் வேன் டிரைவர். ஸ்கூல் இல்லைன்னா வேன் இல்ல, வேன் இல்லைன்னா சம்பளம் இல்ல. ஏறக்குறைய ஒன்றரை வருஷம் அந்த வேன் மரத்தடியில நின்னுச்சு. இரும்புக்கடையும் முதல்ல சில வாரம் மூடிக் கிடந்துச்சு. ஆனா மெடிக்கல் ஷாப் திறந்திருந்துச்சு. மாத்திரை போட அவங்களுக்குச் சின்னக் கவர் வேணும். அம்மா அங்க போய்க் கேட்டு ஆர்டர் வாங்கிட்டு வந்தாங்க.

ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் மூணு பேரும் தரையில உட்காருவோம். அப்பா வெட்டுவார், நான் மடிப்பேன், அம்மா ஒட்டுவாங்க. அம்மா ஒவ்வொரு தாளாப் பசை தடவ மாட்டாங்க. இருபது தாளை அடுக்கி, விசிறி மாதிரி லேசாத் தள்ளி விடுவாங்க. ஒவ்வொரு தாளோட ஓரமும் ஒரு செ.மீ. மட்டும் வெளிய தெரியும். பிரஷ்ஷால ஒரே இழுப்பு, இருபது தாளுக்கும் பசை! அளவுக்கு ஒரு பழைய நோட்டு அட்டை வச்சிருந்தாங்க. அதைத் தாள் மேல வச்சு ரெண்டு பக்கமும் மடிச்சா எல்லாக் கவரும் ஒரே அளவா வரும். நான் மடிக்கிறது மெதுவா இருந்து என் முன்னாடி தாள் குவிஞ்சா, அப்பா வெட்டறதை நிறுத்திட்டு எனக்குக் கை கொடுப்பார்.

ரெண்டாம் வருஷம் கிளாஸ்ல டெம்ப்ளேட், பேட்ச் புராசஸ், பாட்டில்நெக், லைன் பேலன்சிங்னு ஒவ்வொண்ணா போர்டுல எழுதினப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பேரே தெரியாம இது அத்தனையும் எங்க வீட்டுத் தரையில நடந்திருக்கு. தேவை இருந்துச்சு, கை அதுக்கு வழி கண்டுபிடிச்சுது.

இப்போ கணக்குக்கு வருவோம். ஒரு நாள் போன்ல டைமர் போட்டுப் பார்த்தேன். வெட்டி வச்ச தாள்ல 100 கவர் ஒட்ட அம்மாவுக்கு 50 நிமிஷம். எனக்கு மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. பேப்பர், மைதா, கேஸ் எல்லாம் போக 100 கவருக்கு அப்போ 15 ரூபாய் மிஞ்சும். அதாவது அம்மாவோட வேகத்துல ஒரு மணி நேரத்துக்கு 120 கவர், 18 ரூபாய். தினம் நாலு மணி நேரம் உட்கார்ந்தா 72 ரூபாய். மாசம் 25 நாள்னா 1,800 ரூபாய். அந்தக் காசுலதான் என் ஆன்லைன் கிளாஸுக்கு ரீசார்ஜ் ஆச்சு. பத்தாவது நான் படிச்சது அந்த டேட்டாவுலதான்.

இதை ஒரு சோகக் கதையா சொல்லல. அந்த ராத்திரிகள்ல நாங்க நல்லா சிரிச்சிருக்கோம். அந்தாக்ஷரி பாடியிருக்கோம். அப்பா ஒட்டின முதல் கவரை அம்மா ரொம்ப நாள் எல்லார்கிட்டயும் காட்டிக் கிண்டல் பண்ணாங்க. அதுல திறக்கிற வாய் எதுன்னே தெரியாது. ஆனா 18 ரூபாய்ங்கிற அந்த எண் மட்டும் என் மண்டையில உட்கார்ந்துருச்சு. எதை விலை கேட்டாலும் அது குறுக்கே வரும்.

மடிக்கிறது கணக்கும்தான்

பேப்பர் மடிக்கிறது குழந்தை விளையாட்டுன்னு சொல்றவங்களுக்கு ஒரு தகவல். 1893ல நம்ம சென்னையில, அப்போ மதராஸ், ஆங்கிலத்துல ஒரு புத்தகம் வந்துச்சு. காகித மடிப்பு வழியா ஜியோமெட்ரி சொல்லிக் கொடுக்கிற புத்தகம். எழுதினவர் டி. சுந்தர ராவ். காம்பஸ் இல்லாம வெறும் மடிப்புலயே முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம்னு பல வடிவங்களைக் கொண்டு வந்திருப்பார். ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைத் தன் நூல்ல குறிப்பிட்டார். 1901ல சிகாகோவுலயும் அது அச்சாச்சு. இன்னைக்கும் மறுபதிப்பு கிடைக்குது.

நீங்களும் ஒரு மடிப்பு போடுங்க. சதுரத் தாளை நெடுவாக்குல பாதியா மடிச்சுப் பிரிங்க, நடுக்கோடு கிடைக்கும். கீழ் வலது மூலையை எடுத்து அந்த நடுக்கோட்டு மேல உட்கார வைங்க. மடிப்பு கீழ் இடது மூலை வழியாப் போகணும், அது மட்டும்தான் நிபந்தனை. மூலை தொட்ட இடத்துல ஒரு புள்ளி வச்சுப் பிரிங்க. அந்தப் புள்ளியையும் கீழ் ரெண்டு மூலையையும் சேர்த்தா அச்சு அசலா ஒரு சமபக்க முக்கோணம். ஏன்னு யோசிச்சுப் பாருங்க. மடிச்ச பக்கத்தோட நீளம் மாறல, ஆனா கிடைமட்டமாப் பார்த்தா அது பாதி தூரம்தான் போயிருக்கு. காஸ் 60 எவ்வளவு? அதேதான். அறுகோணப் பரிசுப் பெட்டி, நட்சத்திரம் எல்லாம் இந்த ஒரு மடிப்புல இருந்துதான் கிளம்புது.

ரெண்டாவது பொருள்: காகிதக் கூழ் கிண்ணம்

இது அம்மாச்சி சொத்து. புது முறம், கூடை வாங்கினா ஓட்டை அடைக்க வெந்தயமும் பேப்பரும் அரைச்சு மெழுகுவாங்களே, பார்த்திருக்கீங்களா? அதே கூழ்தான்.

ரெண்டு மூணு நியூஸ் பேப்பரைச் சின்னச் சின்னதாக் கிழிச்சு ராத்திரி முழுக்க ஊற வைங்க. ஒரு கைப்பிடி வெந்தயத்தையும் தனியா ஊற வைங்க. காலையில பேப்பரை மிக்ஸியில நிறையத் தண்ணியோட கொஞ்சம் கொஞ்சமா அரைச்சு, துணியில வடிகட்டிப் பிழிங்க. வெந்தயத்தை நைசா அரைச்சு அதோட சப்பாத்தி மாவு மாதிரி பிசைங்க. ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவுத்துப் போட்டு, மேல பழைய பருத்தித் துணியைச் சுத்தி, அது மேல அரை செ.மீ. கனத்துக்கு ஒரே சீரா அப்புங்க. ரெண்டு மூணு நாள் காய விடுங்க. முக்கால்வாசி காய்ஞ்சதும் கிண்ணத்தை உருவிட்டு, உள்பக்கமும் காய வைங்க.

துணி எதுக்குன்னா, காயும்போது கூழ் சுருங்கும். நேரா எவர்சில்வர் மேல அப்பினா கவ்விப் பிடிச்சுக்கும், இல்லைன்னா விரிசல் விடும். காகித நார்ங்கிறது செல்லுலோஸ். தண்ணி சேர்ந்தா நார்கள் விலகும். தண்ணி போகப் போக ஒண்ணையொண்ணு நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்பால பிடிச்சுக்கும். வெந்தயத்துல இருக்கிற கேலக்டோமேனன்ங்கிற பிசின் இடைவெளியை நிரப்பி இன்னும் இறுக்கும். அம்மாச்சிக்குக் கேலக்டோமேனன் தெரியாது. "வெந்தயக் கசப்புக்குப் பூச்சி வராதுடா"ன்னு மட்டும் சொல்வாங்க. அவங்க செஞ்ச கிண்ணம் ஒண்ணு எங்க பூஜை அலமாரியில இன்னும் இருக்கு, உள்ளே சில்லறைக் காசு. தண்ணி மட்டும் பட விடாதீங்க. சாவி, இயர்போன், ரெசிஸ்டர், எல்இடி போட்டு வைக்க அருமையான கிண்ணம்.

மூணாவது பொருள்: துணிப்பை

இதுல ரெண்டு வழி இருக்கு. ஊசியே பிடிக்கத் தெரியாதுன்னா டி-ஷர்ட் எடுங்க. ரெண்டு கையையும் வெட்டுங்க, கழுத்தை அகலமா வெட்டுங்க. தோள் ரெண்டும் இப்போ கைப்பிடி. கீழ் ஓரத்துல முன்துணி, பின்துணி ரெண்டையும் சேர்த்து, இரண்டரை செ.மீ. அகலம், எட்டு செ.மீ. நீளத்துக்கு வரிசையா நறுக்குங்க. முன்னால இருக்கிற நாடாவையும் பின்னால இருக்கிற நாடாவையும் ரெட்டை முடிச்சுப் போடுங்க. பக்கத்துப் பக்கத்து முடிச்சுகளையும் ஒண்ணோட ஒண்ணு கட்டினா ஓட்டை இருக்காது. அவ்ளோதான்! டி-ஷர்ட் துணி பின்னல் துணி, கண்ணி கண்ணியாக் கோத்திருக்கும். அதனால வெட்டின ஓரம் சட்டை துணி மாதிரி நூல் நூலாப் பிரிஞ்சு போகாது. அதுக்கு ஓரம் அடிக்கத் தேவையில்லை.

ஊசி பிடிக்கத் தெரியும்னா பழைய தலையணை உறை எடுங்க. பாதிப் பை அங்கேயே தயாரா இருக்கு, கைப்பிடி மட்டும்தான் வைக்கணும். முதல்ல ஒரு கைக்குட்டையை நீளவாக்குல இழுத்துப் பாருங்க, நீளாது. குறுக்குவாக்குல இழுங்க, பெரிசா நீளாது. மூலைக்கு மூலை இழுங்க, ரப்பர் மாதிரி நீளும். பாவு நூலும் ஊடை நூலும் தங்கள் திசையில பலமானவை. மூலைவாக்குல இழுத்தா கட்டம் சாய்ஞ்சு கொடுக்குது. அதனால கைப்பிடிக்கான துண்டை நேர் நூல்ல வெட்டுங்க, மூலைவாக்குல வெட்டினா தக்காளி வாங்கிட்டு வரும்போது பை முழங்கால் தட்டும்.

கைப்பிடியோட நுனியை உள்ளே மடிச்சு, உறையோட வாய்ல வச்சு, ஒரு சின்னச் சதுரமாத் தைச்சு, அதுக்குள்ள பெருக்கல் குறி போடுங்க. ஓட்டுத்தையல் வேண்டாம், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு எட்டு பின்னால வந்து போடுற கெட்டித்தையல் போடுங்க. நல்லாத் தைச்ச பை எதையாவது புரட்டிப் பாருங்க, இதே சதுரமும் பெருக்கலும் இருக்கும். ஒத்தை வரித் தையல்னா மொத்தப் பளுவும் அந்த வரியோட ஓரத்துல குவியும், அங்கதான் கிழியும். சதுரம் போட்டா பளு பரவும். ஸ்ட்ரெஸ் கான்சென்ட்ரேஷன்னு பரீட்சைக்கு எழுதுறோமே, அதை ஒரு தையல்காரர் நாலு மூலையில முடிச்சுட்டார். 2021 டிசம்பர்ல அரசு "மீண்டும் மஞ்சப்பை"ன்னு இயக்கம் தொடங்கினப்போ பலர் மீம் போட்டாங்க. ஒரு மஞ்சப்பை எத்தனை வருஷம் உழைக்கும்னு எங்க அம்மாச்சியைக் கேட்டிருந்தா அவங்களே பதில் சொல்லியிருப்பாங்க.

இதெல்லாம் எதுக்கு?

"இந்த நேரத்துல ஒரு கோடிங் பிராப்ளம் போட்டிருக்கலாமே?"ன்னு ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. கவர் ஒட்டினா பிளேஸ்மென்ட் கிடைக்காது. வீட்ல ஒரு பை தைச்சதால உலகம் பிளாஸ்டிக்கில இருந்து விடுபடாது. கைவேலை மனசுக்கு நிம்மதின்னு சொல்வாங்க. அது உண்மைதான், ஆனா நூறு கவர் தாண்டினா இடுப்பு வலிதான்.

நான் சொல்ல வர்றது வேற. நாம எல்லாம் நாளைக்கு ஏதோ ஒரு இடத்துல உட்கார்ந்து மத்தவங்க வேலைக்கு அளவும் விலையும் போடப் போற ஆளுங்க. இத்தனை யூனிட், இத்தனை நொடி, இத்தனை பைசான்னு எக்செல்ல எழுதப் போறோம். அந்தக் கட்டத்துல வர்ற 30 நொடிங்கிற எண்ணுக்குப் பின்னால ஒரு மணிக்கட்டு இருக்குன்னு நம்ம கைக்குத் தெரிஞ்சிருக்கணும். அதைப் புத்தகம் சொல்லாது. பத்து கவர் ஒட்டினா விரல் சொல்லும்.

அப்பாவோட வேன் திரும்ப ஓட ஆரம்பிச்சு வருஷம் ஆச்சு. அம்மா இன்னும் கவர் ஒட்டறதை நிறுத்தல. வலது மணிக்கட்டுல அப்பப்போ வலி வருது, அதனால ரெண்டு மணி நேரத்துக்கு மேல உட்கார வேண்டாம்னு நானும் அப்பாவும் சொல்லியிருக்கோம். "ஆர்டர் இருக்குல்ல"ன்னு சொல்லிட்டு உட்காருவாங்க. அது காசுக்காக மட்டும் இல்லைன்னு எனக்குத் தெரியும். அது அவங்க பேர்ல இருக்கிற வேலை.

அதனால உங்களுக்கு ஒரு சின்ன ஹோம் ஒர்க். இந்த வாரக் கடைசியில பத்தே பத்து கவர் ஒட்டுங்க. டைமர் போடுங்க, எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு குறிச்சு வைங்க. ஒட்டின கவரை காலேஜ் வாசல்ல இருக்கிற மெடிக்கல் ஷாப்புல கொடுங்க, சந்தோஷமா வாங்கிப்பாங்க. அடுத்த தடவை திருவிழாக் கடையிலயோ, ரயில்வே ஸ்டேஷன் வாசல்லயோ ஒரு அக்கா துணிப்பையோ பேப்பர் பொம்மையோ விக்கும்போது, "நூறு ரூபாயா? இதுக்கா?"ன்னு கேக்க வாய் திறக்கும் முன்னாடி, குறிச்சு வச்ச அந்த நிமிஷத்தை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

அப்புறம் பேரம் பேசணும்னு தோணினா, தாராளமாப் பேசுங்க.